முந்தின நாள் சமையல்

வட கரோலினாவில் கோடை எப்போது தொடங்குகிறது என்று பஞ்சாங்கம் பார்க்க வேண்டியதில்லை. மே மாதத்துக் கடைசித் திங்கட்கிழமை, மெமோரியல் டே விடுமுறையன்று, பக்கத்து வீட்டுப் பின்கட்டிலிருந்து கரிப்புகை வரும். செப்டம்பர் முதல் திங்கட்கிழமை லேபர் டே வரைக்கும் அந்தப் புகை ஓயாது. நடுவில் ஜூலை 4. அன்று குக்அவுட் எனும் வெளிச்சமையல் விருந்துக்கு எங்கள் தெருவே ஒன்றுகூடும்.

சுடுவது விருந்து கொடுப்பவர் பொறுப்பு. ஹாம்பர்கர், ஹாட்டாக், கோழி எல்லாம் அவர் கணக்கு. கூட வைத்துச் சாப்பிடும் அத்தனையும் வருகிறவர்கள் கொண்டுவர வேண்டும். ஜூன் கடைசியில் ஒரு தாள் வீடு வீடாகச் சுற்றும். அவரவர் பெயருக்கு எதிரே பண்டத்தை எழுதவேண்டும். அந்தத் தாளைச் சரியாகப் படிக்க எனக்குச் சில கோடைகள் பிடித்தன. உருளைக்கிழங்கு சாலட், பேக்டு பீன்ஸ், டெவில்டு எக்ஸ் இவையெல்லாம் மேல்வரிசை. கைப்பக்குவத்தை ஊரறிய நிரூபித்தவர்களுக்கு. பாஸ்டா சாலட் நடுத்தரம். ஐஸ், சிப்ஸ், காகிதத் தட்டு மூன்றும் கல்லூரிப் பையன்களுக்கும், சமையலறைப் பக்கமே போகாதவர்களுக்கும் ஒதுக்கிய அடிவரிசை. யாரும் வெளியே சொல்லமாட்டார்கள். தெருவுக்கே தெரியும்.

உருளைக்கிழங்கு சாலட் விஷயத்தில் கறுப்பின அமெரிக்கர்களின் கறார் தனி. யார் செய்தது என்று விசாரித்துவிட்டுத்தான் தட்டில் போட்டுக்கொள்வார்கள். 2018-ல் 'சாட்டர்டே நைட் லைவ்' நிகழ்ச்சியில் சாட்விக் போஸ்மன் வந்தபோது, ஒரு வெள்ளைக்காரப் பெண் கொண்டுவரும் உருளைக்கிழங்கு சாலட்டைப் பற்றி ஒரு நகைச்சுவைக் காட்சியில் கேலி வந்தது. அடுத்த வாரம் என் அலுவலகத் தோழி அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தாள். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு, "அது வேடிக்கை இல்லை, எங்கள் வீட்டுச் சட்டம்" என்றாள். அவள் அத்தைக்கு மட்டும்தான் அந்த உரிமையாம். அத்தைக்கு உடம்பு முடியாத வருஷம் அந்தப் பண்டமே விருந்தில் இல்லையாம்.

நாங்கள் இந்த மாநிலத்துக் கேரி நகருக்குக் குடிவந்தது தொண்ணூறுகளின் கடைசியில். கணவருக்கு ரிசர்ச் டிரையாங்கிள் பார்க்கில் வேலை. 2009-ல் வெங்கடேஸ்வரர் கோவில் வந்தபிறகு ஊரின் முகமே மாறிவிட்டது. இப்போது நல்லெண்ணெய் தீர்ந்தால் செருப்பை மாட்டிக்கொண்டு போய் வாங்கிவந்துவிடலாம். அன்றைக்கு அப்படியில்லை. ஊரிலிருந்து யாராவது வரும்வரை பாட்டிலைக் கவிழ்த்துவைத்துச் சொட்டு எடுத்திருக்கிறேன். நாங்கள் சைவம் வேறு. பீன்ஸில் பன்றிக்கொழுப்பு இருக்கும், கீரையில் பன்றி எலும்பு இருக்கும், தளதளவென்று ஆடும் ஜெல்லியில்கூட எலும்புச் சத்து இருக்கும் என்பதெல்லாம் ஒவ்வொன்றாகத் தெரிந்தபோது, விருந்தில் நாங்கள் சாப்பிடுவதற்கென்றே நான் எதையாவது கொண்டுபோக வேண்டியதாயிற்று. நல்லதாகப் போயிற்று.

எதிர்வீட்டில் எண்பதை நெருங்கும் ஓர் அம்மாள். தெற்கத்தி மரியாதைப்படி 'மிஸ்' என்பதைப் பெயருக்கு முன்னால் சேர்த்து எல்லாரும் அழைப்பார்கள்; இங்கே மிஸ் என்றே சொல்லிவிடுகிறேன். மாநிலத்தின் கிழக்குப் பக்கம், புகையிலை விளையும் சீமையில் பிறந்தவர். அறுவடைக்கு ஆள் கூட்டி, காட்டிலேயே சாப்பாடு போட்டு வளர்ந்த குடும்பம். ஜூலை 3-ஆம் தேதி சாயங்காலம் அவர் வீட்டுக்குப் போனால்தான் குக்அவுட் என்பது என்னவென்று விளங்கும். மறுநாள் நடப்பது பரிமாறல் மட்டுமே.

முட்டைக்கோஸைச் சன்னமாக அரிந்து, உப்புப் போட்டுப் பிசறி, ஒரு மணி நேரம் வடிகட்டியில் வைத்திருப்பார். தண்ணீரைப் பிழிந்து எடுத்தபிறகுதான் வினிகரும் சர்க்கரையும் செலரி விதையும். உப்பில் பிழியாத கோஸ் ராத்திரி முழுக்கத் தண்ணீர் விட்டு, காலையில் கிண்ணத்தடியில் குளம் கட்டும். வட கரோலினாவில் கிழக்கிலும் மேற்கிலும் ஸ்லா எனப்படும் இந்தக் கோஸ் கலவைக்குத் தனித்தனிக் கட்சி உண்டு. லெக்சிங்டன் பக்கத்தில் மயோனைஸே கிடையாது; வினிகரோடு கெட்ச்சப் சேர்த்துச் சிவப்பாக்கிவிடுவார்கள். மிஸ் அந்தச் சிவப்பைத் தன் மேசையில் அனுமதித்ததில்லை. மயோனைஸ் தேவைப்படும் பண்டத்துக்கு ட்யூக்ஸ் ஒன்றுதான். 1917-ல் தென் கரோலினாவின் கிரீன்வில்லில் யூஜீனியா ட்யூக் என்ற பெண்மணி பட்டாளத்துக்காரர்களுக்கு சாண்ட்விச் விற்று ஆரம்பித்தது அது. சர்க்கரை சேர்க்காத மயோனைஸ் என்பதால் புளிப்புத் தூக்கலாக இருக்கும். எனக்குப் பிடிக்காத பொருள்தான். ஆனால் மிஸ்ஸின் சமையலறையில் அதைக் குறைசொல்ல நான் துணிந்ததில்லை.

உருளைக்கிழங்கை அவர் கையாளும் விதத்தைப் பார்க்க வேண்டும். யூகான் கோல்ட் கிழங்கு, தோலோடு, உப்புநீரில் வேகும். 1980-ல் கனடாவின் குவெல்ஃப் பல்கலைக்கழகத்திலிருந்து வந்த ரகம். ரசெட் கிழங்கு போல வெந்ததும் மாவாக உதிராது. சூடாக இருக்கும்போதே தோலை உரித்து, துண்டு போட்டு, அந்தச் சூட்டிலேயே வினிகரைத் தெளித்துவிடுவார். ஆறின கிழங்கில் எவ்வளவு ஊற்றினாலும் மேலே வழியுமே தவிர உள்ளே இறங்காது என்பது அவர் வாதம். ஆறியபிறகு மயோனைஸ், கடுகு, அவித்த முட்டை, இனிப்பு ஊறுகாய்த் துருவல். மேலே மிளகாய்ப்பொடி தூவுவதுபோல் பாப்ரிகா. அதில் காரம் மருந்துக்கும் கிடையாது, நிறத்துக்குத்தான்.

பனானா புட்டிங் கடைசி வேலை. கண்ணாடிப் பாத்திரத்தில் வனிலா பிஸ்கட் ஓர் அடுக்கு, வாழைப்பழ வில்லை ஓர் அடுக்கு, காய்ச்சின கஸ்டர்டு ஓர் அடுக்கு. இப்படியே மேலே வரை. அன்றே சாப்பிட்டால் பிஸ்கட் மொறுமொறுவென்று தனியாக நிற்கும். ஒரு ராத்திரி குளிர்பெட்டியில் இருந்தால் தயிர்வடை ஊறுவதுபோல் ஊறி, கரண்டி போட்டால் கேக்காக வெட்டுப்படும். அவசரப்பட்டு அன்றே செய்துகொண்டுவந்த ஒரு புதுமணப்பெண்ணின் புட்டிங்கை மிஸ் ஒரு வாய் வைத்துவிட்டு, "நாளைக்கு ரொம்ப நன்றாக இருக்கும் கண்ணே" என்றார். தெற்கத்திக்காரர்கள் இப்படித்தான் திட்டுவார்கள்.

இவ்வளவும் முடிந்து, மறுநாள் பதினோரு மணிக்கு ஆண்கள் வந்து வெபர் அடுப்பைச் சுற்றி நிற்பார்கள். அது ஒரு சடங்கு. 1952-ல் ஜார்ஜ் ஸ்டீபன் என்பவர் தான் வேலைபார்த்த இரும்புப் பட்டறையில் செய்த கடல்மிதவையை இரண்டாக வெட்டி அந்த உருண்டை அடுப்பைச் செய்தார் என்ற கதையையும், ஹென்றி ஃபோர்டு தன் கார் ஆலையின் மரக்கழிவிலிருந்து கரிக்கட்டி செய்து விற்ற கதையையும், தெருமுனை வீட்டுக்காரர் வருஷம் தவறாமல் சொல்வார். என் கணவரும் முதல் தடவை கேட்பதுபோலத் தலையாட்டுவார். கையில் இடுக்கி, இடுப்பில் ஏப்ரன். ஒரு பக்கம் நாலு நிமிஷம், மறுபக்கம் நாலு நிமிஷம். சாப்பிட்டு முடித்தவுடன் எல்லாரும் சுட்டவர் தோளைத் தட்டி, பிரமாதம் என்பார்கள். முதுகுவலியோடு கிழங்கு உரித்தவரின் தோளை யாரும் தட்டி நான் பார்த்ததில்லை.

என் பங்குக்கு வருகிறேன். எனக்குப் புதிதாக எதுவும் கற்க வேண்டியிருக்கவில்லை. திருச்சிக்காரி நான். ஆடிப் பதினெட்டுக்கு அம்மா மண்டபத்துப் படித்துறைக்குச் சித்திரான்னம் கட்டிக்கொண்டு போய் வளர்ந்தவளுக்கு, முந்தின நாள் எதைச் செய்யலாம், எதைச் செய்யக்கூடாது என்பது சொல்லித்தர வேண்டாத பாடம். அந்த ஆடிப்பெருக்கும் ஆகஸ்ட் 2 அல்லது 3-ஆம் தேதியில்தான் விழும். இங்கே அது குக்அவுட் காலம். கட்டுச்சோற்றின் கணக்கு நாலே பொருள்: புளிப்பு, உப்பு, எண்ணெய், பொறுமை. மிஸ்ஸின் கணக்கும் அதுவேதான். அவருக்கு வினிகர், எனக்குப் புளி.

புளிக்காய்ச்சலை நான் ஜூலை 4-க்கு ஒரு வாரம் முன்பே காய்ச்சிவிடுவேன். கெட்டியாகக் கரைத்த பழம்புளி, நல்லெண்ணெயில் கடுகு, கடலைப்பருப்பு, வற்றல் மிளகாய், பெருங்காயம், மஞ்சள்தூள். எண்ணெய் பிரிந்து ஓரத்தில் நிற்கும்வரை சுண்டவேண்டும். வெந்தயமும் தனியாவும் மிளகாயும் வறுத்த பொடி இறக்குகையில். கொஞ்சம் வெல்லம். ஒரு வாரம் இருந்தால் புளியின் பச்சைக் கடுப்பு அடங்கி, காரமும் உப்பும் ஒன்றோடொன்று பேசிப் பழகிவிடும். சோற்றை மட்டும் முந்தின நாள் வடிக்கமாட்டேன். குளிர்பெட்டியில் ராத்தங்கிய சோறு விறைத்துப்போகும். எவ்வளவு எண்ணெய் விட்டாலும் அந்த விறைப்பு போகாது. காலையில் பொன்னி அரிசியை உதிரியாக வடித்து, அகலத் தட்டில் பரப்பி, நல்லெண்ணெய் ஊற்றி, விசிறி ஆறவைத்து, பிறகுதான் பிசறுவது.

வேர்க்கடலை பற்றி ஒரு வார்த்தை. ஊரில் வேர்க்கடலை இல்லாத புளியோதரையை என் அம்மா ஒப்புக்கொள்ளமாட்டார். இங்கே பக்கத்து வீட்டுப் பிள்ளைக்கு வேர்க்கடலை ஒவ்வாமை; ஒன்று வாயில் போனாலும் ஊசி எடுத்துக்கொண்டு ஓட வேண்டும். ஆகவே கடலையைத் தனி டப்பாவில், தனிக் கரண்டியோடு, மேசையின் மறுகோடியில் வைப்பேன். என்னென்ன போட்டிருக்கிறேன் என்று அட்டையில் எழுதிப் பாத்திரத்தின் முன்னால் நிறுத்திவைப்பேன். முதலில் இது எனக்கு விசித்திரமாகத்தான் இருந்தது. சாப்பாட்டுக்கு முன்னால் வாக்குமூலம் கொடுக்கிற மாதிரி. பிறகு அந்தப் பிள்ளையின் தாயார் அட்டையை வரிவரியாகப் படித்துவிட்டு மகன் தட்டில் தைரியமாக ஒரு கரண்டி போட்டதைப் பார்த்தேன். அப்போதிருந்து அட்டையைப் பெரிய எழுத்தில் எழுதுகிறேன்.

தயிர்சாதத்துக்கு அம்மாவின் உபாயத்தில் பாதியைத்தான் இங்கே கடைப்பிடிக்க முடிந்தது. ஊரில் குழைந்த சோற்றைப் பாலில் பிசைந்து, ஒரே ஒரு கரண்டி தயிர் விட்டு மூடிவிடுவார்கள். பயணத்தில் உறை ஊறி, மதியம் இலை போடும்போது பதமாக இருக்கும். காலையிலேயே தயிரைக் கொட்டினால் வெயிலில் புளித்துப் பல் கூசும். ஆனால் அமெரிக்க விவசாயத் துறையின் கணக்கு வேறு: சமைத்த பண்டம் வெளியே இரண்டு மணி நேரம்தான் இருக்கலாம், வெயில் 90 டிகிரி பாரன்ஹீட்டைத் தாண்டினால் ஒரு மணி நேரம். கரோலினாவின் ஜூலையில் 90 என்பது பல நாள் மதியத்தில் வந்துவிடும் சங்கதி. ஊரில் நாம் என்ன செத்தா போனோம் என்று இதைக் கேலிசெய்யும் நண்பர்கள் உண்டு. நான் அந்தக் கட்சியில் இல்லை. சோற்றில் இருக்கும் ஒருவகைக் கிருமியின் வித்து கொதியிலும் சாகாது; இளஞ்சூட்டில் மணிக்கணக்காக இருந்தால் பெருகி நஞ்சு கக்கும், பிறகு சுடவைத்தாலும் அந்த நஞ்சு போகாது. ஆகவே தயிர்சாதம் பாலைத் தாராளமாக விட்டுத் தளரப் பிசைந்து, குளிர்ந்த பிறகு ஐஸ்பெட்டியில் பயணம் செய்யும். குளிரில் அது இறுகும் என்பதற்காகத்தான் அந்தக் கூடுதல் பால்.

இதில் அநியாயமாகப் பழி சுமப்பது மயோனைஸ்தான். வெயிலில் மயோனைஸ் கெட்டுப்போகும் என்று எல்லாரும் பயப்படுவார்கள். கடையில் வாங்கும் மயோனைஸில் வினிகர் இருக்கிறது. அது எளிதில் கெடாது. கெடுவது அதற்குள் கிடக்கும் கிழங்கும் முட்டையும்.

ஐஸ்பெட்டி இரண்டு வேண்டும் என்பது அனுபவம் சொன்னது. குடிக்கும் பானங்களின் பெட்டியைப் பிள்ளைகள் நிமிஷத்துக்கு ஒருமுறை திறப்பார்கள். சாப்பாட்டை அதில் வைத்தால் வீணாகும். தண்ணீர் பாட்டில்களை முந்தின ராத்திரி உறையவைத்து அடுக்கினால் சின்ன ஐஸ்கட்டிகளைவிட நெடுநேரம் தாங்கும், உருகினதும் குடிக்கவும் ஆகும்.

கொண்டுபோகக் கூடாதவை என்றும் ஒரு வரிசை இருக்கிறது. மெதுவடை ஒரு மணி நேரத்தில் தோலாகிவிடும். பச்சடி தண்ணீர் விடும். பாஸ்டா சாலட் ராத்திரியோடு ராத்திரியாகச் சாற்றையெல்லாம் குடித்துவிட்டு, காலையில் ஒன்றுமறியாததுபோல் வறண்டு உட்கார்ந்திருக்கும். மிளகாய்ப்பொடி தடவிய மினி இட்லி மட்டும் எந்த வெயிலிலும் முகம் வாடாது. இரண்டு பக்கமும் எண்ணெய்ப் பொடி பூசி ஊறின இட்லியை ரயில் பயணத்துக்கென்றே யாரோ கண்டுபிடித்திருக்க வேண்டும். பல்குத்தியில் இரண்டிரண்டாகக் கோத்து வைப்பேன். தட்டு காலியாகும் வேகத்தைப் பார்த்து வெபர்க்காரர் ஒருமுறை திரும்பிப் பார்த்தார்.

அம்மா ஆறு மாத விசாவில் வந்திருந்த கோடை ஒன்று. முந்தின நாள் என்னோடு மிஸ் வீட்டுக்கும் வந்து, கோஸ் பிழிவதைப் பார்த்துவிட்டு, "உப்புல பிழியறாங்களே, விஷயம் தெரிஞ்சவங்கதான்" என்றார். ஜூலை 4 அன்று இருவரையும் ஒரே குடைக்கடியில் உட்காரவைத்தோம். அம்மாவுக்கு இங்கிலீஷ் வராது. மிஸ்ஸின் இங்கிலீஷ் எனக்கே பாதிதான் புரியும். அம்மா நீர்மோர் கரைத்து எடுத்துவந்திருந்தார். இஞ்சி, பச்சைமிளகாய், கறிவேப்பிலை, பெருங்காயம் தட்டிப்போட்டது. வெயிலில் சிறியவர்கள் எல்லாம் எலுமிச்சைச் சாற்றுக்கும் கோலாவுக்கும் ஓட, என் தெருக்காரர்களில் எவரும் அதைத் தொடப்போவதில்லை என்று நினைத்திருந்தேன்.

மிஸ் ஒரு தம்ளர் கேட்டு வாங்கினார். முகர்ந்தார். குடித்தார். கொஞ்சம் யோசித்துவிட்டு, மேசையிலிருந்த சோளரொட்டியில் ஒரு துண்டை எடுத்து, தம்ளருக்குள் பிட்டுப்போட்டு, கரண்டியால் சாப்பிட ஆரம்பித்தார். அந்தப் பக்கத்துப் பழைய தலைமுறைக்கு ராச்சாப்பாடே பலநாள் அதுதானாம்: மோரில் பிட்டுப்போட்ட சோளரொட்டி. அவருடைய அப்பா வயலிலிருந்து வந்ததும் வேறொன்றும் கேட்கமாட்டாராம். பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் அருவருப்பாகப் பார்ப்பார்கள் என்று அவரே நாளாவட்டத்தில் விட்டுவிட்டாராம். நான் மொழிபெயர்த்துச் சொல்ல ஆரம்பிப்பதற்குள் அம்மாவே ஒரு துண்டு ரொட்டியை எடுத்துத் தன் தம்ளரில் போட்டுவிட்டார். "கம்மஞ்சோத்துல மோர் ஊத்திச் சாப்பிடுறதுதானே இது. இதுக்கு என்னத்த நீ விளக்கம் சொல்லப்போற?" என்றார். பெருங்காயம் எதற்கு என்று மட்டும் மிஸ் கேட்டார். வாயுவுக்கு என்று நான் சொன்னதும், கூட்டத்தில் பீன்ஸ் சாப்பிட்ட எல்லாருக்கும் ஒரு தம்ளர் கொடுத்துவிடச் சொன்னார்.

அதற்கடுத்த வருஷத்துத் தாளில் என் பெயருக்கு எதிரே, நான் எழுதுமுன்பே, யாரோ 'பட்டர்மில்க், காரமானது' என்று எழுதியிருந்தார்கள். நீர்மோர் மேல்வரிசையா நடுவரிசையா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. மிஸ் இறந்தபிறகு அவர் வீட்டை வாங்கியவர்கள் ஸ்லாவைக் கடையில் பிளாஸ்டிக் டப்பாவோடு வாங்கி, அப்படியே மேசையில் வைக்கிறார்கள். நான் எதுவும் சொல்வதில்லை. சாப்பிடுவதுமில்லை.

மகன் இப்போது அட்லாண்டாவில் இருக்கிறான். போன ஜூலை 2-ஆம் தேதி ராத்திரி கூப்பிட்டான். அலுவலக நண்பன் வீட்டில் குக்அவுட், என்ன கொண்டுபோகலாம் என்று கேட்டான். எனக்கு வந்த சந்தோஷத்தில் காகிதம் எடுத்துக்கொள்ளச் சொன்னேன். புளிக்காய்ச்சல் உன் ஃப்ரீஸரில் நான் வைத்துவிட்டு வந்தது இருக்கிறது, இன்றைக்கே எடுத்துக் கீழ்த்தட்டில் வை; சோறு காலையில் வடி, ராத்திரி வடிக்காதே; எண்ணெய் விட்டு ஆறவை; கடலையைத் தனியாக எடுத்துப்போ; அட்டை எழுது; இரண்டு ஐஸ்பெட்டி; பாட்டிலை இன்றைக்கே உறையவை. அவன் உம் கொட்டிக்கொண்டே இருந்தான்.

"எல்லாம் எழுதிக்கிட்டியா?"

"எழுதிக்கிட்டேம்மா. ஆனா லிஸ்ட்ல நான் ஏற்கெனவே ஐஸ்னு போட்டுட்டேன்."